ஒரு இஞ்சில் தோற்பது எப்படி?

தோற்பது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் கடைசிவரை நிற்பது என்றும் கூடவே முடிவெடுத்தேன். இரண்டாவதுதான் கஷ்டம். என் வீட்டில் நான் எடுக்கும் முடிவுகளுக்கு ஆயுசு குறைச்சல். காலை இட்லிக்குப் பிறந்தால் மத்தியானச் சோற்றுக்குள் அடக்கம் ஆகிவிடும்.

என் பெயர் ஜபருல்லா. ராஜபாளையத்தில் நைட்டி தைக்கும் சின்ன யூனிட் ஒன்றுக்கு முதலாளி. வெளியே மாட்டியிருக்கும் போர்டில் அப்படித்தான் இருக்கிறது. போர்டைத் தாண்டி உள்ளே வந்தால் முதலாளி என் மனைவி ஃபஸீலா. எந்த அளவு, எந்தக் கலர், யாருக்கு லீவு, எனக்கு எப்போது டீ, எல்லாம் அவள்தான். நான் நூல் வாங்கப் போவேன். கரண்ட் போனால் ஈபி ஆபீசுக்குப் போன் போடுவேன். கரண்ட் வந்துவிட்டால் நான் கலைஞன்.

அப்படிக் கரண்ட் இருந்த ஒரு நாளில்தான் வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசகர் வட்டம் குறும்படப் போட்டி நடத்துகிறது. பத்து நிமிடப் படம். விளையாட்டை வைத்து நகைச்சுவை. படித்த மறு நிமிடம் எனக்குள் கதை ஓடியது. நைட்டி தைக்கிற ஏழு பெண்கள். பந்தை ஜென்மத்தில் தொடாதவர்கள். த்ரோபால் டீம் ஆரம்பிக்கிறார்கள். விழுகிறார்கள், எழுகிறார்கள், திரும்பவும் விழுகிறார்கள். கடைசியில் ஒரு கல்லூரி டீமோடு மோதுகிறார்கள்.

நடிகைகளுக்கு அலைய வேண்டியதில்லை. யூனிட்டில் ஏழு பேர் இருந்தார்கள். தையல் என்ற சொல்லுக்கே பெண் என்று ஒரு அர்த்தம் உண்டாம். ஏழு தையலையும் உட்கார வைத்துக் கதை சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோருக்கும் மூத்தவள் முத்துப்பேச்சி, அவள்தான் கேப்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“கடைசியில யாரு மொதலாளி ஜெயிக்கா?”

“கல்லூரி டீம்.”

மிதித்துக்கொண்டிருந்த மெஷின்கூட நின்றது.

“அப்ப நாங்க?”

“தோத்துருவீக.”

“எங்க மாமியா வீட்டுல ஆலங்குளத்துல இருந்து வேன் வச்சு வருவாக, படம் பாக்க. அம்புட்டுப் பேரு முன்னால நான் தோக்கவா?”

“கலைக்காகம்மா.”

“கலையா? அது யாரு, அந்தக் காலேஜுப் பிள்ளையா?”

இதற்கு மேல் முத்துப்பேச்சியிடம் பேசிப் பயனில்லை என்று ஃபஸீலா பக்கம் திரும்பினேன். அவள் ஒரு நைட்டிக்குப் பட்டன் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் தோக்கணும்?” என்றாள்.

“கத்துக்குட்டி டீம் கடைசியில ஜெயிச்சா அது வெறும் சினிமா. தோத்தா அதுதான் வாழ்க்கை.”

“வாழ்க்கையப் பாக்கதுக்கு எதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ் ஏறணும்? அதான் இங்கனயே இருக்கே” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தோல்வியில ஒரு அழகு இருக்கு ஃபஸீலா.”

“அத யாரு சொன்னா? தோத்தவுகளா, உக்காந்து பாத்தவுகளா?”

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. சொன்னவன் தோற்றவன்தான். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினேன், தோற்றேன். கேரம் ஆடினேன், தோற்றேன். கிரிக்கெட்டில் டாஸ் போட மட்டும் என்னை அனுப்பினார்கள், அதிலும் தோற்றேன். தோல்வியில் அழகு இருந்தால்தானே இத்தனை வருடமும் நான் அழகாக இருந்ததாக ஆகும்?

ஃபஸீலா பட்டனை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்த ஏழு பேரும் விடியமுன்ன எந்திரிச்சு, ஆக்கி இறக்கி வச்சுட்டு, பிள்ளையளக் கெளப்பிவிட்டுட்டு ஓடி வந்து மெஷின்ல உக்காருதாக. இவுகளுக்குன்னு யாராவது ஒரு நாளு கை தட்டியிருக்காகளா? பத்து நிமிசம் தட்டட்டுமே. என்ன கொறஞ்சு போகுது?”

“தோத்தாலும் தட்டுவாங்க. எந்திரிச்சு நின்னு தட்டுவாங்க.”

“அது கை தட்டுறது இல்ல. தட்டிக் குடுக்குறது.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, “சரி விடுங்க. உங்க படம். உங்க இஷ்டம்போலத் தோல்வியிலயே முடிங்க” என்று பட்டனை எடுத்துக்கொண்டாள்.

ஃபஸீலா இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ வாசலுக்குப் போய் போர்டில் என் பெயரை ஒருமுறை படித்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து பயிற்சி. யூனிட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. இரண்டு கம்பு நட்டு, வலையைக் கட்டினோம். த்ரோபால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பிடித்த வேகத்தில் தோளுக்கு மேலிருந்து திருப்பி எறிய வேண்டும். தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். பதினைந்து எடுத்தவர் ஜெயித்தவர்.

பிடிப்பதற்குப் பயிற்சி கொடுக்கும் கோச்சுகள் ஊர் பூராவும் இருக்கிறார்கள். தவறவிடுவதற்குப் பயிற்சி கொடுத்த ஒரே கோச் நான்.

“ஏனோதானோன்னு விடக்கூடாது. ஓடிப் போகணும், எட்டணும், கைக்கு ஒரு இஞ்ச் தள்ளி விழணும். அடடான்னு இருக்கணும் பாக்கிறவனுக்கு.”

“ஒரு இஞ்சுன்னா முழு இஞ்சா, தையலுக்கு விட்டு ஒரு இஞ்சா?” என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

“முழு இஞ்ச்.”

சாயங்காலம் டீ நேரம் ஆனதும் நான் எறிவேன். அவர்கள் ஒரு இஞ்சில் விடுவார்கள். முதல் வாரம் ஒரு முழம் தள்ளிப் போனது. இரண்டாவது வாரம் ஒரு சாண். மூன்றாவது வாரம், அளவு நாடா வைத்துப் பார்த்தால்கூட ஒரு இஞ்ச். தையல்காரிகளின் கண்ணே கண். நான் எந்தப் பக்கம் திரும்பி எறிந்தாலும், பந்து என் கையை விட்டுக் கிளம்பும் முன்பே அவர்கள் அங்கே போய் நின்று தவறவிட்டார்கள். நான் பூரித்துப் போனேன். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி இம்மானுவேல்தான் என் கேமராமேன். அவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, “அண்ணே, இவுக ரொம்ப நல்லா ஆடுதாகளோ?” என்றான்.

“நல்லாத் தோக்காங்கன்னு சொல்லுலே” என்று திருத்தினேன்.

எதிர் டீமும் தயார். ஃபஸீலாவின் சின்னம்மா மகள் சுமையா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள், அங்கே த்ரோபால் டீம் கேப்டன். நானே போன் போட்டுப் பேசினேன்.

“ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு வந்துருங்கம்மா. அக்கா கூட்டாளிங்கன்னு பாவம் பாக்காதிங்க. நெசமாவே ஆடுங்க.”

“பாவம் பாக்கவே மாட்டோம் மச்சான்” என்றாள் சுமையா. பக்கத்தில் நாலைந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வயசு அப்படி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூணு மணி வந்தது. மனையைச் சுற்றிச் சனம் வந்தது. இம்மானுவேலின் கேமரா வந்தது. சுமையா வரவில்லை. மூன்றரைக்குப் போன்தான் வந்தது.

“மச்சான், பஸ் ப்ரேக்டவுனு. வழியில நிக்கோம். இன்னைக்கு முடியாது போல.”

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். இம்மானுவேல் வானத்தைப் பார்த்தான். “அண்ணே, அஞ்சரைக்கு மேல மலைக்குப் பின்னால வெயில் போயிரும். நாளையில இருந்து எனக்கு வரிசையா முகூர்த்தம். இன்னைக்கு விட்டா பொறவு படம் தேதிக்குள்ள முடியாது.”

அப்போதுதான் ஃபஸீலா வந்தாள். கையில் எனக்கு ஒரு டம்ளர் டீ. அதையும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“ஏன் இப்படி இடிஞ்சு போயி இருக்கீக? ஒரு டீம்தான வேணும்? இம்புட்டு ஆம்பளைய நிக்கீகள்லா.”

“பொம்பளையளுக்கு எதிரா ஆம்பளைய டீமா?”

“படத்துல பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு.” குரலைத் தாழ்த்தினாள். “உங்களால ஜெயிக்க முடியுமா?”

எந்தப் புருஷனிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. கேட்ட பிறகு டீ இறங்கவில்லை. எழுந்து கைலியை மடித்துக் கட்டினேன்.

ஐந்தே நிமிடத்தில் டீம் சேர்ந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் சோலைராஜ். முக்கு டீக்கடை பிச்சை முகம்மது. முத்துப்பேச்சியின் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிற கருத்தப்பாண்டி. வேடிக்கை பார்க்க வந்த மூன்று பேர். கேப்டன் நான். யோசித்துப் பார்த்தபோது சந்தோஷமாகவே இருந்தது. இந்தப் படம் தோல்வியில் முடிய வேண்டும் என்றால் நான் ஜெயிக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக என் வெற்றி கலைக்குத் தேவைப்பட்டது.

“ஒரு இஞ்ச் ஞாபகம் இருக்குல்லா?” என்று முத்துப்பேச்சியிடம் கேட்டேன்.

“நல்லா இருக்கு மொதலாளி” என்றாள்.

விசில் ஊதினார்கள். முதல் பந்தை நான் எறிந்தேன். முத்துப்பேச்சி ஓடினாள், எட்டினாள், ஒரு இஞ்ச் தள்ளி விழ வேண்டிய இடத்தில் அந்த ஒரு இஞ்சைச் சேர்த்துக்கொண்டாள். பிடித்துவிட்டாள். பிடித்த கையோடு திருப்பி எறிந்தாள். அது சோலைராஜின் வயிற்றில் போய் இறங்கியது. அவர் நைட்டித் துணியைத்தான் தினம் வெட்டுகிறவர். அன்று அவரே துணிபோல மடிந்தார்.

ஒன்று பூஜ்யம்.

“ஏ, என்னம்மா இது? தவற விடணும்!” என்று கத்தினேன்.

“நெசமாவே ஆடணும்னு நீங்கதான மொதலாளி சொன்னீக?”

“அது அவுகளுக்குச் சொன்னது!”

“அவுகதான் வரலையே!”

அடுத்த பந்து. அதற்கடுத்த பந்து. ஒரு இஞ்சில் தவறவிடத் தெரிந்தவளுக்கு ஒரு இஞ்சில் பிடிக்கத் தெரியாதா? மூன்று வாரம் தினம் ஐம்பது முறை அவர்களைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதே நான்தானே. என் தோள் திரும்பும் திசை அவர்களுக்கு மனப்பாடம். பிச்சை முகம்மதுக்குக் கொதிக்கிற டீயை ஆற்றிய பழக்கம், பந்தையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி ஆற்றினார். தப்பாட்டம், ஒரு பாயிண்ட். கருத்தப்பாண்டி பந்து வரும்போதெல்லாம் வழி விட்டார்.

“பிடிங்கண்ணே!” என்றேன்.

“எறியுறது என் பொண்டாட்டி பாய். பிடிச்சுத் திருப்பி எறிஞ்சேம்னு வைங்க, ராத்திரிச் சோத்துக்கு நீங்களா போடுவீக?”

சொந்தபந்தம் பார்த்தால் பந்து எப்படி நிற்கும்? பந்தா காட்டப் போன ஏழு பேரையும் அவர்கள் பந்தாடினார்கள். ஒரு பந்தை எப்படியும் பிடிப்பது என்று பின்னாலேயே ஓடினேன். ஓடி, கோட்டை விட்டு வெளியே போய், கூட்டத்துக்குள் விழுந்து, கோட்டை விட்டேன். கூட்டத்தில் யாரோ செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டியது மாதிரி இருந்தது. கூடவே ஒரு துப்பட்டாவும் தெரிந்தது. கவனிக்க நேரமில்லை. அடுத்த பந்து வந்து என் மூக்கில் உட்கார்ந்தது.

பதினைந்துக்கு மூன்று. அந்த மூன்றும் அவர்கள் சிரித்ததால் கிடைத்தது.

அன்று இரவு மூக்கில் ஐஸ் வைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டேன். களத்தில் தோற்றவன் எடிட்டிங்கில் ஜெயிக்கலாம். மூன்று வாரமும் ஏழு பேர் தவறவிட்ட பந்துகள் நூற்றுக்கணக்கில் இம்மானுவேலிடம் இருந்தன. அதையெல்லாம் கோர்த்தால் இறுதி ஆட்டம். எதிர் டீமைக் காட்டவே வேண்டாம். காட்டினால் கைலி தெரியும். வலைக்கு அந்தப் பக்கம் இருப்பது விதி என்று வைத்துக்கொண்டேன். பந்து வருகிறது, ஒரு இஞ்சில் போகிறது, ஏழு பேரும் தலை குனிந்து நிற்கிறார்கள். படம் முடிந்தது.

இம்மானுவேல் முகத்தைச் சுளித்தான். “அக்காவுக்குத் தெரியுமாண்ணே?”

“அவகிட்ட மூச்சு விடாத.”

“சரிண்ணே. கடைசியில பேர் ஓடுத எடம் மொட்டையா இருக்கு. சும்மா ரெண்டு நிமிசம் ஏதாவது ஆட்டம் சேத்து விடுதேன்.”

“பேர யாரு பாக்கப் போறா? என்னமும் போடு.”

வீட்டுக்கு வந்து ஃபஸீலாவிடம், “உன் பேச்சத் தட்ட முடியல. நீங்க ஜெயிச்சதையே வச்சாச்சு” என்று கூசாமல் சொன்னேன்.

“அப்படியா? ரொம்ப சந்தோசம்” என்று எனக்கு இன்னொரு தோசை வைத்தாள். அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

போட்டி நாளன்று எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. ஏழு பேரும் பட்டுச்சேலையில் முன் வரிசை. ஆலங்குளத்து வேனும் வந்திறங்கியிருந்தது. முத்துப்பேச்சியின் மாமியார், கொழுந்தன், நாத்தனார், அவள் பிள்ளைகள்.

எங்கள் படம் ஐந்தாவது. ஆரம்பித்ததிலிருந்தே சிரிப்பு. முத்துப்பேச்சி பந்தைப் பூசணிக்காய் மாதிரித் தட்டிப் பார்த்ததற்கு அவள் மாமியாரே சிரித்தார். பிறகு இறுதி ஆட்டம். ஒரு இஞ்ச். இன்னொரு இஞ்ச். மண்டபம் அடங்கியது. ஏழு பேரும் தலை குனிந்து நின்றார்கள். நான் நினைத்தபடியே வந்திருந்தது.

கை தட்டினார்கள். மெதுவாக, மரியாதையாக. எனக்கு அந்தச் சத்தம் என்னவோ போல இருந்தது. கை தட்டுகிற மாதிரி இல்லை. முதுகைத் தட்டுகிற மாதிரி இருந்தது. முன் வரிசையில் முத்துப்பேச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜெயித்தவளை நான் தோற்க வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

‘பயிற்சி: ஜபருல்லா’ என்று வந்தது. பக்கத்திலேயே என் மூக்கு. மூக்கில் பந்து. பந்து விலகியதும் என் முகம், திரை பூராவும்.

மண்டபம் ஒரு நொடி திகைத்தது. அடுத்த நொடி கூரை பறந்தது. சோலைராஜ் மடிந்தார். பிச்சை முகம்மது ஆற்றினார். கருத்தப்பாண்டி வழி விட்டார். நான் கோட்டைத் தாண்டி ஓடினேன். எல்லாம் பக்கத்திலிருந்து, எங்கள் பக்கத்துக் கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்தது. இம்மானுவேலின் கேமரா அந்தப் பக்கம் வரவே இல்லையே! கடைசியில் முத்துப்பேச்சி எறிந்த பந்தும், பதினைந்துக்கு மூன்று என்ற எண்ணும், ஏழு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதிப்பதும் வந்தது. சனம் எழுந்து நின்று தட்டியது. ஆலங்குளம் வேன் மொத்தமும் விசிலடித்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

“மச்சான், எங்க செல்லுல உங்க முகம் சூப்பரா விழுந்துருக்கு!”

திரும்பிப் பார்த்தேன். சுமையா. அவளுடைய டீம். வரிசையாக ஆறு துப்பட்டா.

“நீங்க பஸ் ப்ரேக்டவுன்ல நின்னீகளே?”

“நின்னது கூட்டத்துக்குள்ள மச்சான். அக்காதான் வந்து நின்னு படம் மட்டும் எடுத்து இம்மானுவேல் அண்ணன்கிட்ட குடுங்கன்னாக.”

மெதுவாக ஃபஸீலா பக்கம் திரும்பினேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“தோல்வியில முடியட்டும்னு ஒத்துக்கிட்டியே ஃபஸீலா.”

“ஆமா. தோல்வியிலதான முடிஞ்சிருக்கு? யாரு தோல்வின்னு நீங்க சொன்னீகளா?”

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். கொள்கைப்படி எந்தத் தப்பும் இல்லை. அதுதான் வேதனை.

முதல் பரிசு எங்கள் படத்துக்குத்தான். தோற்றார்கள் என்று கடைசிவரை நம்பவைத்து, பெயர் ஓடும்போது கவிழ்த்த உத்தியை நடுவர் வாய் ஓயாமல் புகழ்ந்தார். ஏழு பேரும் மேடையேறிக் கேடயத்தை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்திக்கு மாற்றிப் போட்டோ எடுத்தார்கள். யாரும் தவறவிடவில்லை. முத்துப்பேச்சியின் மாமியார் எழுந்து, “என் மருமக!” என்று மண்டபத்துக்கே சொன்னார். எனக்கும் கண் கலங்கியது. மூக்குவலியாகவும் இருக்கலாம்.

பிறகு, “சிறந்த நகைச்சுவை நடிகர்” என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல் பரிசு. எப்படி வந்தால் என்ன என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மேடையேறினேன். நடுவர் கையைக் குலுக்கி, மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

“பிரமாதம் சார். இவ்வளவு இயல்பாத் தோக்குறதுக்கு எத்தனை நாள் பயிற்சி எடுத்தீங்க?”

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் கீழேயிருந்து ஃபஸீலாவின் பதில் வந்துவிட்டது.

“கல்யாணமாகிப் பதினேழு வருசம் ஆச்சு சார்!”